எம்ஜிபி காருக்கு என்ஜின் தேர்ந்தெடுத்துப் பூட்டுவது: முழுமையான வழிகாட்டி

பிரிட்டனின் பழைய ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபி-யின் 1798 சிசி என்ஜினை முதன்முறையாகப் பிரிப்பவர்கள் பெரும்பாலும் சாமான் வாங்கும் வரிசையில்தான் தவறுகிறார்கள். பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் உள்ள உடல் பகுதியை, அளக்கும் முன்பே பிஸ்டன் வீட்டுக்கு வந்துவிடும். அதை மேலே மூடும் ஹெட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் முன்பே புது கார்புரேட்டர் அலமாரியில் உட்கார்ந்திருக்கும். பிறகு எது எதோடும் சேராது.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க வரிசையைப் பற்றியது. எதை முடிவு செய்த பிறகு எதை அளக்க வேண்டும், எதை அளந்த பிறகு எதை வாங்க வேண்டும், எதைப் பூட்டிய பிறகு எதைப் பூட்ட வேண்டும் என்று பார்ப்போம். அளவுகளை அங்குலத்திலும் தௌவிலும் சொல்கிறேன். ஒரு தௌ என்றால் ஆயிரத்தில் ஒரு அங்குலம். இந்த என்ஜினின் பட்டறைக் கையேடும் லேத் பட்டறைக்காரர்களும் பேசுவது அந்தக் கணக்கில்தான்.

1. காரை எதற்கு ஓட்டப்போகிறீர்கள்?

இதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். வார இறுதியில் ஊர் சுற்றவா, நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகவா, மலையேற்றப் போட்டிக்கா? மூன்றுக்கும் வேறு வேறு கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு, சுருக்கமாக கேம்), வேறு கம்ப்ரஷன் (பெட்ரோல் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற விகிதம்), வேறு செலவு.

சாதாரண நிலையில் இந்த என்ஜின் நிமிடத்துக்கு 5400 சுற்றில் ஏறத்தாழ 95 குதிரைத்திறனும், 3000 சுற்றில் 110 பவுண்டு-அடி இழுவையும் கொடுக்கும். குறைந்த சுற்றில் கிடைக்கும் அந்த இழுவைதான் இதன் பலம். புதிதாக வருபவர்கள் போட்டிக்கான கூர்மையான கேம் போட்டு அந்த இழுவையைத் தொலைத்துவிட்டு, 4500 சுற்றுக்கு மேல் கிடைக்கும் கொஞ்சம் கூடுதல் வேகத்துக்காக நகர நெரிசலில் திக்கித் திணறுகிறார்கள். சாலைக்கு மட்டும் என்றால் நல்ல ஹெட், மிதமான கேம், சரியாக பேலன்ஸ் செய்த கீழ்ப்பகுதி (கிராங்க், ராட், பிஸ்டன்) போதும். என்னைக் கேட்டால், பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

2. உங்களிடம் இருப்பது எந்த என்ஜின்?

பிளாக்கின் வலது பக்கத்தில், அதாவது ஸ்பார்க் பிளக் இருக்கும் பக்கத்தில், எண் பொறித்த தகடு இருக்கும். அதைத் துடைத்துப் படியுங்கள். ஒரே 1798 சிசி என்றாலும் 1962 முதல் 1980 வரை உள்ளே பல பாகங்கள் மாறிவிட்டன.

18ஜி, 18ஜிஏ என்று தொடங்கினால் அது மூன்று மெயின் பேரிங் (கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்) உள்ள என்ஜின். 1964 இறுதி வரை வந்த கார்களில் இருக்கும். மென்மையாகச் சுழலும், ஆனால் கடுமையாக ஓட்டுவதற்கு ஏற்றதில்லை. கார் அசல் எண்ணோடு இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இதையே புதுப்பித்து, சுற்றைக் கட்டுக்குள் வைத்து ஓட்டலாம். வேகம் வேண்டும் என்றால் இதை பத்திரமாக எண்ணெய் பூசி மூலையில் வைத்துவிட்டு, வேறு பிளாக்கில் வேலை செய்யுங்கள்.

18ஜிபி முதல் எல்லாம் ஐந்து மெயின் பேரிங். கிராங்க் வளையாமல் தாங்கும். வேலை செய்யத் தகுந்தவை இவைதான். 18வி என்று தொடங்குபவை எழுபதுகளில் வந்தவை. எளிதாகக் கிடைப்பதும் அவைதான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 1967 இறுதியில் கியர்பாக்ஸ் மாறியது. நான்கு கியருக்கும் சிங்க்ரோமெஷ் (கியர் உரசாமல் விழச் செய்யும் அமைப்பு) வந்தது. அதோடு என்ஜினின் பின்தட்டு, ஃப்ளைவீல், ஸ்டார்ட்டர் மூன்றும் மாறின. அதற்கு முன்பே, மூன்று பேரிங்கிலிருந்து ஐந்துக்கு மாறியபோது, கிராங்கின் பின்முனையில் கியர்பாக்ஸ் தண்டு உட்காரும் புஷ்ஷின் அளவும் மாறியிருந்தது. எனவே என்ஜின் வாங்கும் முன் உங்கள் கியர்பாக்ஸ் எது என்று பாருங்கள். என்ஜினை விலை பேசும்போதே பின்தட்டும் ஃப்ளைவீலும் சேர்ந்து வருமா என்று கேளுங்கள். தனியாகத் தேடிப் பிடிப்பது தலைவலி.

அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட எழுபதுகளின் என்ஜின்கள் பெரும்பாலும் கம்ப்ரஷன் 8 மட்டுமே உள்ளவை. 1975 முதல் ஒற்றை கார்புரேட்டர் வேறு. பிளாக்கும் கிராங்கும் நல்லவைதான். பிஸ்டனும் ஹெட்டும் மாற்றப்போகிறீர்கள் என்றால் இவற்றைத் தயங்காமல் எடுக்கலாம்.

இந்தியாவிலும் இலங்கையிலும் பழைய வண்டி வேலை பார்த்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அம்பாசிடரின் பழைய 1489 சிசி என்ஜினும் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் என்ஜினும் எம்ஜிபி என்ஜின் சேர்ந்த அதே பி-சீரிஸ் குடும்பம். ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) கூட ஒன்றேதான், 88.9 மி.மீ. ஆனால் போர் (சிலிண்டரின் விட்டம்) அங்கே 73 மி.மீ., இங்கே 80.26. கைப்பழக்கம் அப்படியே உதவும். பாகங்களை மட்டும் அந்த நம்பிக்கையில் வாங்கிவிடாதீர்கள்.

3. வி8 போடலாமா?

போடலாம். தொழிற்சாலையே 1973 முதல் 1976 வரை 3528 சிசி ரோவர் வி8 வைத்து எம்ஜிபி ஜிடி-யை விற்றது. அலுமினிய என்ஜின் என்பதால் காரின் மூக்கு கனக்காது.

ஆனால் அது வேறு வேலை. கியர்பாக்ஸ், ரேடியேட்டர், பிரேக், பின் ஆக்சில், சைலன்சர் எல்லாம் மாறும். என்ஜின் பழுதானதால் வி8-க்குத் தாவுபவர்களின் கார் பல வருடம் கொட்டகையில் தூங்குவதைப் பார்க்கிறேன். முதல் என்ஜின் வேலைக்கு நான்கு சிலிண்டரே சரி. இனி அதைப் பற்றி மட்டும்.

4. இறக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

என்ஜின் ஓடுகிறது என்றால், ஓடும்போதே மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சூடான பிறகு ஆயில் பிரஷர் எவ்வளவு? ஓட்டத்தில் 50 முதல் 80 பிஎஸ்ஐ வரை இருப்பது நல்லது. நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷன் அழுத்தம் எவ்வளவு? ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எந்தச் சிலிண்டர் என்று எழுதுங்கள். சைலன்சரில் நீலப் புகை எப்போது வருகிறது? ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி மிதிக்கும்போது வந்தால் வால்வு கைடு, இழுக்கும்போது வந்தால் ரிங்.

பிரித்த பிறகு இந்தத் தகவல்கள் கிடைக்காது. எங்கே தேய்மானம் என்று முன்பே தெரிந்தால், அளக்கும்போது கண் சரியான இடத்துக்குப் போகும்.

கையில் இருக்க வேண்டிய கருவிகள்: அங்குல அளவு ஸ்பேனர், சாக்கெட் செட், நம்பகமான டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ், மைக்ரோமீட்டர், காந்தத் தாங்கியோடு டயல் கேஜ், ரிங் கம்ப்ரசர், டிகிரி வட்டு, பேரிங் இடைவெளி பார்க்கும் பிளாஸ்டிகேஜ் இழை. மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறக்குறையப் பொருந்தும். அந்த ஏறக்குறையதான் நட்டின் மூலையை மழுக்கும்.

5. பிரிக்கும் வரிசை

என்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே வெளியே தூக்குங்கள். காருக்குள் வைத்து கியர்பாக்ஸ் தண்டை கிளட்சுக்குள் நுழைக்கும் போராட்டம் மிச்சம். எப்படியும் இந்தக் காரில் கிளட்ச் மாற்றவே என்ஜினை இறக்க வேண்டும். அதனால் கிளட்ச் தட்டையும் கார்பன் ரிலீஸ் பேரிங்கையும் இப்போதே புதிதாகப் போட்டுவிடுங்கள்.

ராக்கர் தண்டின் தாங்கிகளைப் பிடித்திருக்கும் நட்டுகளில் பாதி, ஹெட்டையும் சேர்த்துப் பிடித்திருப்பவை. ராக்கரை மட்டும் கழற்றலாம் என்று அவற்றைத் தளர்த்தினால் ஹெட் ஒரு பக்கமாக இழுபட்டு வளையக்கூடும், தண்ணீரும் சிலிண்டருக்குள் இறங்கும். ஆகவே முதலில் தண்ணீரை வடித்துவிட்டு, எல்லா நட்டையும் சிறிது சிறிதாக, நடுவிலிருந்து வெளியே என்ற வரிசையில் தளர்த்துங்கள்.

மெயின் பேரிங் தொப்பிகளிலும் கனெக்டிங் ராட் தொப்பிகளிலும் எண்ணும் திசையும் குறியிடுங்கள். ஒவ்வொரு தொப்பியும் அதன் இடத்தில் வைத்தே துளையிடப்பட்டது. இடம் மாறினால் அந்தப் பேரிங் வட்டமாக இருக்காது. டாப்பெட்டுகளையும் (கேம் மேல் உட்காரும் உருளைகள்) அவற்றுக்கும் ராக்கருக்கும் இடையே நிற்கும் புஷ்ராடுகளையும் அட்டையில் துளையிட்டு வரிசையாகச் செருகி வையுங்கள். பழையதைத் திரும்பப் போடப்போவதில்லை என்றாலும், எந்த டாப்பெட் குழிந்திருக்கிறது என்பது கேம்மின் எந்த முகடு போயிருக்கிறது என்று சொல்லிவிடும்.

டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும் கியரை எடுக்கும் முன், முதல் சிலிண்டரை மேலே கொண்டுவந்து, கியரின் வெட்டு எந்தத் திசையில் நிற்கிறது என்று படம் எடுங்கள். அதை வெளியே இழுக்க 5/16 அங்குல யுஎன்எஃப் (நெருக்கமான அங்குல மரை) போல்ட் ஒன்றைத் திருகினால் போதும்.

6. அளப்பதும் பட்டறைக்கு அனுப்புவதும்

இங்கேதான் அவசரம் கூடாது. ஹெட்டிலிருந்து தொடங்குங்கள். பி-சீரிஸ் ஹெட்டில் 2, 3 சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் ஒரே வழியாக வெளியேறுகிறது. சூடு அங்கே குவிவதால் அந்த இரண்டு வால்வு இருக்கைகளின் அருகே விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாது, பட்டறையில் விரிசல் சோதனையும் பிரஷர் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். ஹெட் தேறவில்லை என்றால் முழுத் திட்டமும் மாறும். அதனால்தான் அது முதல் வேலை.

அடுத்து சிலிண்டர். மேலே, நடுவே, கீழே என மூன்று மட்டத்தில், ஒவ்வொன்றிலும் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அளந்து ஒரு கட்டத்தில் எழுதுங்கள். ஆறு தௌக்கு மேல் தேய்மானமோ கோணலோ இருந்தால் போர் பண்ணியே, அதாவது கடைந்து அகலப்படுத்தியே ஆக வேண்டும். 20, 30, 40, 60 தௌ கூடுதல் பிஸ்டன்கள் கிடைக்கும். 60 தௌ போட்டால் கொள்ளளவு 1868 சிசி. கூடுதல் சிசி-க்காக நேரே 60-க்குப் போவது பலருக்கும் ஆசை. நான் சிலிண்டர் சுத்தமாக வரும் மிகச் சிறிய அளவோடு நிறுத்துவேன். 20-க்கும் 60-க்கும் இடையே கிடைப்பது 46 சிசி. இழப்பது இன்னொரு முறை போர் பண்ணும் வாய்ப்பு.

கிராங்கின் ஒவ்வொரு ஜர்னலையும் (பேரிங்கில் சுழலும் பகுதி) அளந்து, 10, 20, 30 தௌ கிரைண்டிங்கில் எது தேவை என்று பட்டறைக்காரரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். பேரிங்கை அதற்குப் பிறகே வாங்குங்கள்.

கனெக்டிங் ராடையும் பார்க்க வேண்டும். ஆரம்ப என்ஜின்களில் பிஸ்டன் பின்னை ராடின் மேல்முனையில் போல்ட் இறுக்கிப் பிடிக்கும். பிறகு பின் தளர்வாக மிதக்கும் வகை வந்தது, கடைசியில் அழுத்திச் செருகும் வகை. எந்த ராட் இருக்கிறதோ அதற்கான பிஸ்டன்தான் பொருந்தும். இதைப் பார்க்காமல் வாங்கிய பிஸ்டன் செட்டுகள் பெட்டி பிரிக்கப்படாமலே மறுவிற்பனைக்கு வருவதைக் காணலாம்.

இப்போது பட்டறை வேலையின் வரிசை. முதலில் கேம் பேரிங், கோர் பிளக், ஆயில் வழியின் அடைப்புத் திருகுகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு பிளாக்கைக் கழுவ வேண்டும். ஆயில் வழித் திருகுகளை எடுக்காமல் கழுவினால் அறுபது வருட அழுக்கு உள்ளேயே இளகி நிற்கும். முதல் ஸ்டார்ட்டில் புது பேரிங்குக்குப் போய்ச் சேரும். பிறகு பிளாக்கின் மேல்மட்டத்தை ஃபேசிங் செய்வது, அதாவது தட்டையாகச் சீவுவது. அதன் பிறகு பிஸ்டனைக் கையில் கொடுத்து, பிஸ்டன் பெட்டியில் எழுதியிருக்கும் இடைவெளிக்கு ஏற்ப ஒவ்வொரு சிலிண்டரையும் போர் பண்ணுவது. புது கேம் பேரிங் செருகிய பின் அவற்றை நேர்கோட்டில் ரீமர் போட வேண்டும், வீட்டில் செய்யக்கூடியதில்லை. கடைசியில் கிராங்க், ஃப்ளைவீல், கிளட்ச் மூடி மூன்றையும் சேர்த்து பேலன்ஸ்.

பேலன்ஸுக்கு ஆகும் செலவைத் தள்ளிப்போடாதீர்கள். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு உடம்புக்குத் தெரியும்.

7. ஹெட், கம்ப்ரஷன், கேம்

இந்த என்ஜினின் திறன் ஹெட்டில்தான் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே வரும் காற்றுக்கு நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து இரண்டே வழி, வெளியேற மூன்று. அதனால் கார்புரேட்டரைப் பெரிதாக்குவதைவிட, அந்த வழிகளை அறிந்தவர் கையால் சீராக்குவதும் வால்வு இருக்கையின் கோணங்களைச் சரியாக வெட்டுவதும் அதிகம் தரும். இந்தக் காரில் வந்த எஸ்யூ நிறுவனத்தின் இரட்டை 1.5 அங்குல கார்புரேட்டர்களைத் தண்டும் புஷ்ஷும் மாற்றிப் புதுப்பித்தால் சாலை என்ஜினுக்குத் தாராளம்.

ஆரம்ப ஹெட்டுகளில் இன்லெட் வால்வு 1.565 அங்குலம், எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த சில பிரிட்டிஷ் 18வி என்ஜின்களில் 1.625. பெரியது நல்லது என்று தோன்றும். ஆனால் வால்வு இருக்கைகள் நெருங்கி நிற்பதால் கடினமான புது இருக்கை வளையம் போட இடம் குறைவு. பிரிட்டனில் 2000-இன் தொடக்கத்தோடு ஈயம் கலந்த பெட்ரோல் பொது விற்பனையிலிருந்து போய்விட்டது. ஈயம் இல்லாத பெட்ரோலில் பழைய இருக்கைகள் குழிந்துபோகும் என்பதால் எக்ஸாஸ்ட் பக்கம் கடின வளையம் கட்டாயம். சாலை காருக்கு 1.565-ஐயே நான் தேர்ந்தெடுப்பேன்.

கம்ப்ரஷனை ஊகிக்காதீர்கள், கணக்குப் போடுங்கள். 1868 சிசி என்றால் ஒரு சிலிண்டருக்கு 467 சிசி. கம்ப்ரஷன் 9.5 வேண்டும் என்றால், பிஸ்டன் மேலே நிற்கும்போது மிஞ்சும் இடம் 467-ஐ 8.5-ஆல் வகுத்தது, அதாவது ஏறத்தாழ 55 சிசி. இந்த 55-இல் நான்கு பங்குகள் உண்டு: ஹெட்டின் அறை, பிஸ்டன் குழிவு, கேஸ்கெட் கனம், பிஸ்டனுக்கும் பிளாக் மேல்மட்டத்துக்கும் உள்ள இடைவெளி.

ஓர் எடுத்துக்காட்டு. ஹெட் அறை 39, பிஸ்டன் குழிவு 6.5, கேஸ்கெட் 5, மேல்மட்ட இடைவெளி 4 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 54.5, கம்ப்ரஷன் ஏறத்தாழ 9.6. அதே கீழ்ப்பகுதியில் 43 சிசி அறை உள்ள ஹெட்டை வைத்தால் 9.0-க்கு இறங்கிவிடும். நான்கு சிசி செய்யும் வேலை அது. அதனால் ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, துளையிட்ட கண்ணாடித் தகட்டால் மூடி, ப்யூரெட் குழாயால் திரவம் ஊற்றி நான்கு அறைகளையும் அளந்து பாருங்கள். நான்கும் அரை சிசி-க்குள் சமமாக இருக்கட்டும். 9.5 என்றால் 97 ஆக்டேன் பெட்ரோல் போட வேண்டியிருக்கும். உங்கள் பகுதியில் அது கிடைக்காது என்றால் 9.0-ஓடு நிறுத்துங்கள்.

கேம்ஷாஃப்ட்டை இதற்குப் பிறகே தேர்ந்தெடுங்கள். கம்ப்ரஷன் குறைவான என்ஜினில் நீண்ட நேரம் வால்வைத் திறந்து வைக்கும் கேம் போட்டால், குறைந்த சுற்றில் உயிரே இருக்காது. சாலைக்கு, வால்வைக் கிராங்க் சுழற்சியில் 270 டிகிரி அளவுக்குத் திறந்து வைக்கும் கேம் போதும். எந்தக் கேம் ஆனாலும் டாப்பெட்டுகள் புதியவையாக இருக்க வேண்டும். பழைய டாப்பெட் புது கேம்மை முதல் நாளிலேயே சுரண்டிவிடும். பிற்கால 18வி என்ஜின்களில் டாப்பெட் குட்டை, புஷ்ராட் நீளம், முந்தையவற்றில் நேர்மாறு. இரண்டையும் கலக்காதீர்கள்.

8. கீழ்ப்பகுதியைப் பூட்டுதல்

பட்டறையிலிருந்து வந்த பிளாக் சுத்தமாகத் தெரியும். ஆனாலும் மீண்டும் கழுவுங்கள். சோப்பு நீர், நீளமான பிரஷ், ஒவ்வொரு ஆயில் வழியிலும். போர் பண்ணிய சிலிண்டரை வெள்ளைத் துணியால் துடைத்து, துணி கருக்காமல் வரும் வரை விடாதீர்கள். உடனே எண்ணெய் பூசுங்கள். இல்லையென்றால் அன்று மாலைக்குள் துருப்பிடிக்கும்.

மெயின் பேரிங்குகளை வைத்து, பிளாஸ்டிகேஜ் இழை வைத்து, தொப்பியை 70 பவுண்டு-அடிக்கு இறுக்கிக் கழற்றிப் பாருங்கள். இடைவெளி ஒரு தௌ முதல் 2.7 தௌ வரை இருக்கலாம். சரி என்றால் எண்ணெய் பூசி இறுதியாக இறுக்குங்கள். ஒவ்வொரு தொப்பி இறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஐந்தையும் இறுக்கிவிட்டுச் சுற்றினால், பிடிக்கும்போது எது பிடிக்கிறது என்று தெரியாது.

நடு பேரிங்கின் இரு பக்கமும் வரும், கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர்களில் ஆயில் பள்ளம் கிராங்கைப் பார்த்து, அதாவது வெளிப்பக்கமாக இருக்க வேண்டும். திருப்பிப் போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. கிராங்கை முன்னும் பின்னும் நெம்பி டயல் கேஜில் பாருங்கள். 4 முதல் 5 தௌ ஆட்டம் சரி.

பின் மெயின் தொப்பி பிளாக்கோடு சேரும் கிடைமட்ட மட்டத்தில் மெல்லியதாக சீலன்ட் தடவுங்கள். மெல்லியதாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். பிதுங்கிய சீலன்ட் உடைந்து ஆயில் வடிகட்டியில் போய் அடைக்கும்.

ரிங்குகளைப் பிஸ்டனில் மாட்டும் முன் ஒவ்வொன்றையும் அதன் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் தள்ளி நேராக்கி, வாயின் இடைவெளியை அளந்து பாருங்கள். ரிங் தயாரிப்பாளர் தந்த அளவுக்குக் குறைவாக இருந்தால் சூட்டில் இரு முனையும் முட்டி ரிங் உடையும். மாட்டிய பின் வாய்கள் ஒரே நேரில் வராமல் திருப்பி வையுங்கள்.

கனெக்டிங் ராட் போல்ட்டுகளின் இறுக்கம் வகைக்கு வகை வேறு. பழைய வகை 35 முதல் 40 பவுண்டு-அடி. நட்டு வைத்த பிந்தைய வகைக்கு 33 அளவில். தவறான எண்ணை எடுத்துக்கொள்ளாமல் உங்கள் என்ஜின் எண்ணுக்கான பக்கத்தைக் கையேட்டில் பாருங்கள். ராட் போல்ட்டுகளைப் புதிதாகவே போடுங்கள்.

9. கேம் டைமிங்

இரு சக்கரங்களின் புள்ளிகளையும் எதிரெதிரே வைத்துச் சங்கிலி மாட்டினால் என்ஜின் ஓடும். ஆனால் வேறு கேம், வேறு தயாரிப்பாளர் சக்கரம் எல்லாம் சேர்ந்தால் அந்தப் புள்ளிகள் சில டிகிரி தள்ளி நிற்கும். சில டிகிரியே இழுவையைக் கெடுக்கப் போதும்.

டிகிரி வட்டைக் கிராங்கில் மாட்டுங்கள். முதல் பிஸ்டனின் உச்சத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உச்சத்தில் பிஸ்டன் சில டிகிரி அசையாமல் நிற்கும். சிலிண்டருக்கு மேல் ஒரு தடைப் பட்டையைப் பூட்டி, கிராங்கை இரு திசையிலும் மெதுவாகத் திருப்பி, பிஸ்டன் தடையில் முட்டும் இரு எண்களின் நடுவைக் கண்டுபிடியுங்கள். அதுதான் உண்மையான உச்சம். பிறகு டாப்பெட் மேல் டயல் கேஜ் வைத்து, இன்லெட் முழுத் திறப்பு கேம் தயாரிப்பாளர் சொன்ன டிகிரியில் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் சக்கரத்தைத் தண்டில் சற்றுத் தள்ளி நிறுத்தும் ஆஃப்செட் கீ போட்டுச் சரிசெய்யலாம்.

சில 18வி என்ஜின்களில் ஒற்றை வரிசைச் சங்கிலி இருக்கும். இரட்டை வரிசைக்கு மாற்றுங்கள். நேரான அளவுகோலை இரு சக்கரத்தின் முகத்திலும் வைத்துப் பார்த்து, ஒரே மட்டத்தில் இல்லையென்றால் கிராங்க் சக்கரத்தின் பின்னே மெல்லிய வாஷர் சேர்க்க வேண்டும். முன்னே வரும் ஆயில் தடுப்புத் தகட்டில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அது வெளிப்பக்கம்.

10. ஹெட்டை ஏற்றுதல்

பிளாக்கில் ஹெட் ஸ்டட் நிற்கும் துளைகளின் விளிம்பு பல வருட இறுக்கத்தில் மேலே உப்பியிருக்கும். அதைச் சற்றுச் சாய்வாக வெட்டி நீக்குங்கள். செய்யாவிட்டால் கேஸ்கெட் அந்த இடங்களில் மட்டும் அழுத்தப்பட்டு மற்ற இடத்தில் கசியும்.

ஸ்டட்டுகளைக் கையால் மட்டும் இறுக்குங்கள். நட்டுகளைக் கையேட்டின் வரிசையில் மூன்று கட்டமாக 45 முதல் 50 பவுண்டு-அடிக்கு. ராக்கரின் தனி நட்டுகளுக்கு 25 போதும். அவற்றையும் 50-க்கு இறுக்கி ஸ்டட்டைப் பிடுங்கியவர்கள் இருக்கிறார்கள்.

வால்வு இடைவெளி வைக்க ஒன்பதின் கணக்கு நினைவிருக்கட்டும். எட்டு வால்வுகளில் முதல் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது எட்டாவதைச் சரிசெய்யுங்கள். மூன்றாவது திறந்தால் ஆறாவது. கூட்டினால் எப்போதும் ஒன்பது. சாதாரண கேம்முக்குக் குளிர்ந்த நிலையில் 15 தௌ; வேறு கேம் என்றால் அதன் தாளில் இருப்பது.

டிஸ்ட்ரிபியூட்டர் கியரை, முன்பு எடுத்த படத்தைப் பார்த்துத் திரும்ப வையுங்கள். முதல் சிலிண்டர் உச்சத்தில் இருந்தால் மட்டும் போதாது, அது கம்ப்ரஷன் உச்சமா என்று ராக்கரைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். பற்றவைப்பு வரிசை 1, 3, 4, 2.

11. முதல் ஸ்டார்ட்

புது கேம் சாவது பெரும்பாலும் இந்த முதல் சில நிமிடங்களில்தான். எனவே சாவியைத் திருப்பும் முன் எல்லாம் தயாராக இருக்க வேண்டும்.

துத்தநாகச் சேர்மம் கூடுதலாக உள்ள 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றுங்கள். நவீன கார்களுக்கான மெல்லிய ஆயில் இங்கே ஒத்துவராது. ஆயில் பம்ப் உலர்ந்திருந்தால் இழுக்காது. பூட்டும்போதே உள்ளே பெட்ரோலியம் ஜெல்லி அடைத்திருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். பிரஷர் முள் எழும் வரை பிளக் போடக் கூடாது. சில விநாடி சுற்றி, ஸ்டார்ட்டர் ஆற விட்டு, மறுபடி சுற்றலாம். எழவே இல்லையென்றால், பின்பக்கம் ஆயில் கூலர் குழாய் இணையும் இடத்தைத் திறந்து அதன் வழியாக ஆயில் ஊற்றுங்கள்.

பெட்ரோல் குழாய்களையும் இப்போது பாருங்கள். பிரிட்டனில் 2021 முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் சேர்கிறது; பழைய ரப்பர் அதில் ஊறி விரிசல் விடும். சூடான எக்ஸாஸ்டுக்கு மேலேயே கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கும் காரில் இது விளையாட்டில்லை. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஓடத் தொடங்கியதும் ஐடிலில் விடாதீர்கள். உடனே 2000 முதல் 2500 சுற்றுக்கு ஏற்றி, சற்று ஏற்றி இறக்கி இருபது நிமிடம் வைத்திருங்கள். ஐடிலில் கேம் முகடுகளுக்கு ஆயில் தெறிப்பது குறைவு, அழுத்தமோ அதிகம். கசிவு தெரிந்தாலோ பிரஷர் விழுந்தாலோ அணைத்துவிட்டுச் சரிசெய்து தொடருங்கள். சத்தம் நன்றாக இருக்கிறதா என்று கேட்க ஐடிலுக்கு இறக்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள்.

12. முதல் 500 மைல்

முழுக்கக் குளிர்ந்த பிறகு ஹெட் நட்டுகளை ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்தி மீண்டும் அதே அளவுக்கு இறுக்குங்கள். அதனால் வால்வு இடைவெளி மாறியிருக்கும், அதையும் பாருங்கள். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டிப் பிரித்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பொடி கொஞ்சம் இருப்பது இயல்பு. காந்தத்தில் ஒட்டும் மினுக்கும் செதில்கள் இருந்தால் கேம், டாப்பெட் பக்கம் பாருங்கள். செம்பு நிறம் தெரிந்தால் பேரிங்.

ஒரே வேகத்தில் ஓட்டாதீர்கள். மூன்றாவது கியரில் 2500-இலிருந்து 4000 வரை நன்றாக மிதித்து, பிறகு காலை எடுத்துத் தானாக இறங்க விடுங்கள். ரிங் சிலிண்டரோடு படிவதற்கு அழுத்தம் வேண்டும். பூப்போல ஓட்டினால் சிலிண்டர் கண்ணாடியாகப் பளபளத்து, ஆயில் குடிக்கும் என்ஜினாகவே நின்றுவிடும்.

பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் கார்புரேட்டர் ஊசியும் இக்னிஷன் டைமிங்கும் ரோலிங் ரோட்டில் (காரை உருளைகள் மேல் நிறுத்தி ஓட்டிப் பார்க்கும் இடம்) வைத்துத்தான் இறுதியாகும். அங்கே போவது 500 மைல் கழித்து. பழைய ஊசி புது ஹெட்டுக்குப் பொருந்தாது. பெட்ரோல் குறைவாகப் போகும் நிலையில் வேகமாக ஓட்டினால் பிஸ்டன் உருகும். அதுவரை 4000 சுற்றைத் தாண்டாமல், பிளக்கின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். வெளிறிப் போயிருந்தால், சாவியைக் கழற்றி வைத்துவிட்டு ஊசி முதலில்.